ஹைப்ரிட் வெச்சிருக்கேன், சைக்கிளிங் டீம்ல சேரச் சொல்றாங்க. என்ன வாங்கணும், எப்படி ட்ரெயின் பண்ணணும்?

வேளச்சேரி_பெடல்:
எல்லாருக்கும் வணக்கம். இவ்ளோ நாள் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க. வயசு 27, உயரம் 5 அடி 3. வேளச்சேரில இருந்து தரமணி ஆபீஸுக்கு சைக்கிள்லதான் போறேன். வண்டி சாதாரண ஹைப்ரிட், நேர் ஹேண்டில், 700x35 டயர், முன்னாடி 3 பின்னாடி 7 கியர். இப்ப எங்க ஏரியா டீம்ல "பி" குரூப்ல வந்து சேருன்னு கூப்பிடுறாங்க, அவங்க ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல (சென்னை கிழக்கு கடற்கரை சாலை) மணிக்கு 24-26 கிமீ வேகத்துல போறவங்க. டிசம்பர் கடைசில மகாபலிபுரம் தாண்டி போய்ட்டு வர்ற 100 கிமீ, பிப்ரவரில 200 கிமீ ப்ரெவே (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நீள ரைடு). நான் ஒரே மூச்சுல ஓட்டினது 30க்கு மேல போனதில்ல. டீம்ல ஒருத்தர் ரோட் பைக் (வளைஞ்ச ஹேண்டில், ஒல்லி டயர் வெச்ச வேக சைக்கிள்) இல்லாம வந்தா பின்னாடியே விட்டுட்டு போயிடுவோம்னு சிரிச்சிட்டே சொல்லிட்டார், அது மண்டைலயே ஓடுது. கைல 40 ஆயிரம் இருக்கு. வண்டி மாத்தணுமா? வேற என்னென்ன வேணும்? எப்படி பழகுறது?

கியர்_பைத்தியம்:
வாழ்த்துகள்! நேரா விஷயத்துக்கு வர்றேன். 40ல புது ரோட் பைக் வாங்கினா க்ளாரிஸ் (ஷிமானோ கம்பெனியோட ஆரம்ப லெவல் கியர் செட்) 8 கியர் லெவல்தான் கிடைக்கும், ஆறு மாசத்துல அலுத்துடும். இன்னும் கொஞ்சம் போட்டு செகண்ட் ஹேண்ட்ல கார்பன் ஃப்ரேம், ஷிமானோ 105 (அதை விட உசந்த கியர் செட்) போட்டது பாருங்க. நல்ல வண்டியா ஒரே தடவை வாங்கிட்டா அப்புறம் கவலையே இல்ல. அதோட கிளிப் பெடல் (ஷூவை மாட்டிக்கிற பெடல்), கார்மின் (ஜிபிஎஸ் மீட்டர்).

ஸ்பேனர்_பாபு:
ப்ரோ கொஞ்சம் பொறுங்க, அவங்க இன்னும் 30 கிமீ தாண்டல, அதுக்குள்ள கார்பனா.

கடைல வேலை பாக்குறவன்ங்கற முறைல சொல்றேன், செகண்ட் ஹேண்ட் கார்பன் புதுசா வர்றவங்களுக்கு ஆகவே ஆகாது. அலுமினியம் அடிபட்டா நசுங்கும், கண்ணுக்கு தெரியும். கார்பன் உள்ளுக்குள்ள பிரிஞ்சிருக்கும், மேல பெயின்ட் பளபளன்னு இருக்கும், விக்கிறவர் "ரெண்டு தடவைதான் ஓட்டினேன்"னு சொல்வார். பாட்டம் ப்ராக்கெட் (பெடல் அச்சு இருக்குற இடம்) பக்கம், செயின்ஸ்டே (அங்க இருந்து பின் சக்கரத்துக்கு போற குழாய்), சீட்போஸ்ட்டை இறுக்குற இடம் எல்லாம் தட்டிப் பாத்து சத்தம் மாறுதான்னு கேக்க தெரிஞ்சவங்க கூட இருந்தா மட்டும் அந்தப் பக்கம் போங்க.

தங்கச்சி, முதல்ல இருக்குற வண்டிய கடைல விட்டு முழு சர்வீஸ் பண்ணுங்க. செயின் தேஞ்சிருக்கான்னு கேஜ் வெச்சு பாக்கச் சொல்லுங்க, உங்க 7 கியர் வண்டிக்கு 0.75 சதவீதம் காட்டினா செயின் மாத்தணும், இல்லன்னா அது பின் பல்சக்கரத்தையும் சேத்து தின்னுடும், அப்ப செலவு மூணு மடங்கு. ப்ரேக் பேட், கேபிள் மாத்துங்க. டயரை 35ல இருந்து 28 இல்லன்னா 32 வழவழ டயரா மாத்துங்க, உங்க ரிம் அகலத்துக்கு எது ஒக்காரும்னு கடைல பாத்து சொல்வாங்க. இது ஒண்ணுலயே வண்டி வேற வண்டி மாதிரி ஓடும். அப்புறம் டயர் ஓரத்துல எழுதியிருக்குற பிஎஸ்ஐ அதிகபட்சம், அவ்ளோதான் அடிக்கணும்னு இல்ல. 60 கிலோ ஆளுக்கு 32 டயர்ல 55-65 போதும், நம்ம ரோட்டுக்கு கல்லு மாதிரி அடிச்சா கையும் முதுகும்தான் போகும்.

காத்துக்கு_எதிரா:
பாபு சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேணாம்.

நான் ஒரு குரூப்பை பல வருஷமா கூட்டிட்டுப் போறவன், அதனால வண்டிய விட்டுட்டு வேற ஒண்ணு சொல்றேன். டீம்ல சேர்றவங்களுக்கு வேகம் தானா வரும். கூட்டத்துல ஓட்டத் தெரியிறதுதான் வராது, அதை உக்காந்து பழகணும். தனியா 30ல போற பையன் குரூப்ல வந்து திடீர்னு ப்ரேக் பிடிச்சு பின்னாடி நாலு பேரை சாய்ச்சதை கண்ணால பாத்திருக்கேன். அவன் வண்டி எல்லாரோடதையும் விட விலை ஜாஸ்தி.

காரணம் ரொம்ப சிம்பிள். சமதளத்துல 25 வேகத்துக்கு மேல போனா நம்ம உழைப்புல பெரும்பங்கு காத்தை தள்றதுக்கே போகுது. முன்னாடி ஒருத்தர் பின்னாடி ஒட்டிப் போனா வேகத்தைப் பொறுத்து அஞ்சுல ஒரு பங்குல இருந்து கால் பங்குக்கு மேல வரைக்கும் மிச்சம். அதாவது ஹைப்ரிட்ல இருக்குற நீங்க ஒழுங்கா சக்கரம் பிடிச்சு (முன் வண்டிக்கு பின்னாடியே ஒட்டி) போனீங்கன்னா, தனியா ரோட் பைக்ல திணறுறவரை விட சொகுசா போவீங்க. உங்கள கிண்டல் பண்ணினவருக்கும் இது தெரியும், தெரியலன்னா அவரும் பி குரூப்புக்கு புதுசுதான்.

ஆரம்பத்துல முன் சக்கரத்துக்கும் முன்னாடி போற வண்டிக்கும் ஒரு சைக்கிள் நீளம் விடுங்க, நம்பிக்கை வந்தப்புறம் குறைங்க. கண்ணு முன் வண்டியோட டயர்ல இருக்கக்கூடாது, அவர் தோளை தாண்டி ரோட்டைப் பாக்கணும். உங்க முன் சக்கரம் அவர் பின் சக்கரத்துக்கு பக்கவாட்டுல ஏறிப் போகவே கூடாது, அவர் லேசா ஒதுங்கினா விழப்போறது நீங்க, அவர் இல்ல. வேகம் குறைக்கணும்னா ப்ரேக்குக்கு போகாம பெடல் மிதிக்கிறத நிறுத்தி நிமிந்து உக்காருங்க, காத்தே பிடிக்கும். குழி வந்தா கை காட்டி கத்துங்க, பின்னாடி இருக்குறவனுக்கு ஒண்ணும் தெரியாது. முன்னாடி லீட் எடுக்க உங்க முறை வந்தா வீரத்தை காட்டி வேகத்தை ஏத்தாதீங்க, அதே வேகத்துல ஒரு நிமிஷம் இழுத்துட்டு பின்னாடி பாத்து ஒதுங்கி வாங்க. காதுல இயர்ஃபோன் போட்டா நான் குரூப்ல இருந்தே அனுப்பிடுவேன்.

சோம்பேறி_சைக்கிள்:
அண்ணன் கோவத்துல இருக்கார், யாரோ இன்னைக்கு காலைல இயர்ஃபோன் போட்டு வந்திருக்கான் 😂

அஞ்சரை_அக்கா:
வேளச்சேரி, நான் சொல்றத இவங்க யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா எல்லாம் ஆம்பளைங்க.

உன் 40 ஆயிரத்துல முதல்ல போக வேண்டியது உக்கார்ற இடத்துக்கு. பேட் வெச்ச ஷார்ட்ஸ் ரெண்டு, லேடீஸ் கட். ஒண்ணு துவைச்சா ஒண்ணு போட. அதுக்கு உள்ள ஜட்டி போடக்கூடாது, இத சொல்லாம விட்டா பாதி பேர் போட்டுட்டு வந்து தோல் உரிஞ்சு ஒரு வாரம் உக்கார முடியாம கஷ்டப்படுறாங்க. நீள ரைடுக்கு முன்னாடி உரசுற இடத்துல வாஸலின் தடவிக்கோ, வீட்டுக்கு வந்த உடனே ஷார்ட்ஸை கழட்டி துவைச்சிடு, ஈரத்தோட வாட்ஸப் பாத்துட்டு உக்காராத. சீட் மெத்து மெத்துன்னு இருந்தா நல்லதுன்னு கடைக்காரர் சொல்வார், 40 கிமீ தாண்டினா அந்த மெத்தைதான் எதிரி. பொம்பளைங்களுக்கு இடுப்பெலும்பு அகலம் ஜாஸ்தி, கொஞ்சம் அகலமா நடுவுல பள்ளம் விட்ட சீட்டா உக்காந்து பாத்து வாங்கு.

பீரியட்ஸ் டைம்ல ஓட்டலாமான்னு கேக்க கூச்சப்படாத. உடம்பு ஒத்துக்கிட்டா ஓட்டு, ஒத்துக்கலன்னா லீவ் போடு, டீம் கேப்டனுக்கு விளக்கம் குடுக்கணும்னு அவசியமில்ல. ஈசிஆர்ல எந்த பங்க்ல டாய்லெட் சுத்தமா இருக்குன்னு எங்க குரூப்ல ஒரு லிஸ்டே இருக்கு, தனியா மெசேஜ் பண்ணு அனுப்புறேன்.

அடுத்தது லைட். நீ காலைல அஞ்சு அஞ்சரைக்கு கிளம்புவ, அப்ப இருட்டு. முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு, ரெண்டும் யூஎஸ்பி சார்ஜ். பின்னாடி ரெண்டா போட்டுக்கோ, ஒண்ணு பாதில செத்தா ஒண்ணு இருக்கும். ஹெல்மெட் தலைல சரியா ஒக்காரணும், நெத்தில ரெண்டு விரல் அகலத்துக்கு மேல தெரியக்கூடாது, தாடை பட்டை தொளதொளன்னு இருந்தா அது தொப்பி. ஒரு தடவை கீழ விழுந்து அடிபட்ட ஹெல்மெட்ட வெளிய கீறல் இல்லன்னாலும் தூக்கிப் போட்டுடு. முதல் ஒரு மாசம் இருட்டுல தனியா போகாத, யாரையாவது சேத்துக்கோ, பயமுறுத்த சொல்லல.

வேளச்சேரி_பெடல்:
அக்கா ரொம்ப நன்றி, ஜட்டி விஷயம் சத்தியமா தெரியாது 🙈 அண்ணா, சக்கரம் பிடிக்கிறதை எங்க பழகுறது? நேரா ஈசிஆர்லயேவா? அப்புறம் முட்டி வலி இருக்கு எனக்கு, 20 கிமீ தாண்டினா முன்பக்கம் லேசா வலிக்குது. இதோட 100 போக முடியுமா?

ஸ்பேனர்_பாபு:
முட்டிக்கு முன்பக்கம் வலின்னா நூத்துக்கு எண்பது சீட் கீழ இருக்குன்னு அர்த்தம். சிக்னல்ல கால் ஊனணும்னு எல்லாரும் சீட்டை இறக்கி வெச்சிருப்பாங்க, நீங்களும் அப்படித்தான் இருக்கும். சுவத்துல சாஞ்சு சீட்ல உக்காந்து, குதிகாலை பெடல் மேல வெச்சு அடிமட்டத்துக்கு கொண்டு போங்க, கால் நேரா நீளணும். அப்ப பாதத்தோட முன்பகுதிய வெச்சு மிதிக்கும்போது முட்டி லேசா மடங்கி இருக்கும், அதுதான் அளவு. ஒரேடியா ஏத்தாதீங்க, வாரத்துக்கு அஞ்சு மில்லிமீட்டர்னு ஏத்துங்க. முட்டிக்கு பின்பக்கம் இழுத்தா ஜாஸ்தி ஏத்திட்டீங்க. சிக்னல்ல சீட்ல இருந்து இறங்கி நின்னு கால் ஊனுங்க, அதுதான் முறை. கை மரத்துப் போச்சுன்னா சீட் மூக்கு கீழ பாத்திருக்கான்னு பாருங்க. சீட் சரி பண்ணியும் வலி போகலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, ஃபோரம்ல கேக்காதீங்க.

காத்துக்கு_எதிரா:
இன்னொண்ணும் இருக்கு, கனமான கியர்ல முக்கி முக்கி மிதிக்கிறது. எல்லாரும் நினைக்கிறது பெரிய கியர் போட்டாதான் வேகம்னு. முட்டிய காலி பண்றதே அதுதான். நிமிஷத்துக்கு 80-90 சுத்து வர்ற மாதிரி லேசான கியர் போடுங்க. மீட்டர் வேணாம், வலது கால் கீழ வர்றத 15 செகண்ட் எண்ணுங்க, 20ல இருந்து 22 வந்தா சரி.

சக்கரம் பிடிக்க ஈசிஆர் முதல்ல வேணாம். காலைல ஆள் இல்லாத அகலமான தெரு இல்ல கேம்பஸ் ரோடு, நம்பிக்கையான ஒரே ஒருத்தர் கூட, 18 வேகத்துல. ஒரு கையால தண்ணி பாட்டில எடுத்து குடிச்சு திருப்பி வெக்கும்போது வண்டி ஒரு அடி கூட விலகக்கூடாது. தோள் மேல திரும்பி பின்னாடி பாக்கும்போதும் அதேதான். இந்த ரெண்டும் வந்துச்சுன்னா நீங்க குரூப்புக்கு ரெடி. அதுக்கப்புறம் முதல் ரெண்டு மூணு ஞாயிறு குரூப்போட கடைசில ஓட்டுங்க.

பழைய_ட்ராக்:
ரேஸ் ஓட்டின பழைய ஆள் நான். ட்ரெயினிங் பத்தி யாரும் எழுதலயேன்னு வர்றேன்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட 12 வாரம். தாராளம். வாரத்துக்கு மூணு நாள் ஓட்டினா போதும்மா, தினமும் வேணாம், ஆபீஸ் போய்ட்டு வர்றதை இதுல கணக்கு எடுக்காத. செவ்வாய் ஒரு மணி நேரம் லேசா. வியாழன் ஒரு மணி நேரத்துல நடுவுல அஞ்சு நிமிஷம் கடுமையா, அஞ்சு நிமிஷம் லேசா, இத மூணு தடவை, முதல் நாலு வாரம் அது கூட வேணாம். ஞாயிறு நீள ரைடு: 35ல ஆரம்பிச்சு வாரம் அஞ்சு ஏழு கிமீ கூட்டிட்டே போ, நாலாவது வாரம் குறைச்சிடு, உடம்பு தேறுறது அந்த லேசான வாரத்துலதான். 85 ஓட்டிட்டன்னா 100 தானா வரும், முன்னாடியே 100 ஓட்டிப் பாக்கணும்னு இல்ல.

நீள ரைடு எவ்ளோ வேகம்? பக்கத்துல வர்றவங்களோட முழு வாக்கியம் பேச முடியணும். மூச்சு வாங்கி ரெண்டு வார்த்தைல நிறுத்தினா வேகம் ஜாஸ்தி. இதுக்குத்தான் இப்ப பசங்க ஸோன் 2ன்னு பேர் வெச்சு வாட்ச் வாங்குறாங்க. அதிகபட்ச இதயத் துடிப்புக்கு 220ல வயச கழிக்கிற கணக்கு ஒரு குத்துமதிப்பு, ஆளுக்கு ஆள் பத்து பதினஞ்சு துடிப்பு மாறும், அதை நம்பி ஓட்டாத. புதுசா வர்றவங்க பண்றது எல்லா ரைடும் நடுத்தரமா மூச்சு வாங்க ஓட்டுறது, லேசும் இல்ல கடுமையும் இல்ல, களைப்பு மட்டும் மிச்சம்.

அப்புறம் ப்ரெவே ரேஸ் இல்ல. 200 கிமீக்கு 13 மணி நேரம் 30 நிமிஷம் குடுக்குறாங்க, நின்னு சாப்பிடுறது பங்க்சர் எல்லாம் சேத்து. கணக்கு போட்டா மணிக்கு 15 கூட இல்ல. 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. ஹைப்ரிட்ல 200 முடிச்சவங்க எத்தனையோ பேர்.

கியர்_பைத்தியம்:
முடிக்கலாம் சார், யார் இல்லன்னா. ஆனா 13 மணி நேரம் நேர் ஹேண்டில்ல கை வைக்க ஒரே இடம்தான், மணிக்கட்டு என்னாகும்? ரோட் பைக்கோட வளைஞ்ச ட்ராப் ஹேண்டில்னா மூணு இடம் மாத்தி பிடிக்கலாம். இத யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க.

பழைய_ட்ராக்:
நியாயமான பாயின்ட். நேர் ஹேண்டில் ரெண்டு முனைலயும் பார் எண்ட் மாட்டிக்கட்டும், ரொம்ப செலவு இல்ல, இன்னொரு பிடி கிடைக்கும். டிசம்பர் 100 முடிச்சிட்டு இன்னும் ஆசை இருந்தா அப்ப ரோட் பைக் பாக்கட்டும். சோரா (க்ளாரிஸுக்கு அடுத்த லெவல்) 9 கியர், பின்னாடி பெரிய பல்சக்கரம் 32 இல்லன்னா 34 பல்லு, அலுமினியம், அது எத்தனையோ வருஷத்துக்கு வரும். 100 கிமீ ஓட்டினவளுக்குத்தான் தனக்கு எந்த வண்டி வேணும்னு தெரியும்.

கோவை_கொண்டைஊசி:
ஏனுங்க, மெட்ராஸ்ல மேடே இல்லையே, அப்புறம் 34 பல்லு எதுக்குங்க? 😄 நாங்க மருதமலை ஏறி இறங்குனாத்தான் காலைல டீயே குடிப்போம். ஏலகிரி வாங்க, 14 கொண்டை ஊசி, புதுசுக்கு அளவா இருக்கும். கொல்லிமலை 70ங்க, அதை இப்ப நினைக்காதீங்க.

காத்துக்கு_எதிரா:
எங்க மலை காத்துதாங்க. தங்கச்சி இத குறிச்சு வெச்சுக்கோங்க, டிசம்பர்ல ஈசிஆர்ல வடகிழக்கு காத்து. திருவான்மியூர்ல இருந்து தெக்க போகும்போது காத்து முதுகுல தள்ளும், முட்டுக்காடு பாலம், கோவளம் எல்லாம் பறந்து போவீங்க, நமக்கு என்னமோ திடீர்னு பலம் வந்துட்டதா தோணும். திரும்பும்போது அதே காத்து மூஞ்சில. வெயிலும் ஏறியிருக்கும். போகும்போது 28ல போன குரூப் வரும்போது 19க்கு இறங்கி ஆளாளுக்கு பிரிஞ்சு போறத வருஷா வருஷம் பாக்குறேன். போகும்போதே பல்லைக் கடிச்சு அடக்கி ஓட்டுங்க. கோவளம் பக்கம் ரோட்டு ஓரத்துல மணல் சேந்திருக்கும், அது மேல ப்ரேக் பிடிக்காதீங்க. ராங் சைடுல வர்ற பைக், நாய், ரோடு அகலப்படுத்துற வேலை, எல்லாம் இருக்கு.

அஞ்சரை_அக்கா:
சாப்பாடு! யாரும் பேசல. பசிச்சப்புறம் சாப்பிட்டா லேட். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல போற ரைடுன்னா முதல் மணி நேரத்துலயே ஆரம்பிச்சிடணும். மணிக்கு 30ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து வேணும்னு சொல்வாங்க, ஒரு வாழப்பழம் 25 கிராம்கிட்ட வரும், கூட ரெண்டு பேரீச்சம்பழம் இல்ல கடலை மிட்டாய். விலை ஜாஸ்தி ஜெல் எல்லாம் ரேஸ்காரங்களுக்கு. தண்ணி மணிக்கு ஒரு 500-750 மில்லி, நம்ம ஊர் வெயில்ல சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும், ஆனா வெறும் தண்ணியா குடிச்சிட்டே இருந்தா உப்பு குறைஞ்சு தல சுத்தும். ரெண்டு பாட்டில்ல ஒண்ணுல ஓஆர்எஸ். மெடிக்கல்ல உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்ட பவுடர் பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு பாக்கெட். கலர் கலரா டப்பால வர்ற ஜூஸ் இல்ல. புது சாப்பாடு எதையும் 100 கிமீ அன்னைக்கு முதல் தடவையா சாப்பிடாத, வயிறு பேசும். மகாபலிபுரத்துல பொங்கல் வடை சாப்பிட்டு திரும்பி வர்றவங்கள பாத்து ஏமாறாத, அவங்களுக்கு பழகின வயிறு.

சோம்பேறி_சைக்கிள்:
பொங்கல் வடைக்காகத்தான் நான் சைக்கிளே வாங்கினேன் அக்கா, அதுல கை வெக்காதீங்க

வேளச்சேரி_பெடல்:
படிச்சு முடிக்கவே ஒரு ரைடு போன மாதிரி இருக்கு 😅 நான் எடுத்த முடிவு: வண்டி மாத்தல. சர்வீஸ், 32 டயர், ரெண்டு ஷார்ட்ஸ், சீட், ஹெல்மெட் (பழசு தொப்பிதான்னு இப்ப புரியுது), லைட் மூணு, பார் எண்ட். மிச்ச காசு பேங்க்லயே. கிளிப் பெடல் வேணுமா வேணாமா? அப்புறம் பங்க்சர் ஆனா என்ன பண்றது, இதுவரைக்கும் தெருமுனை கடைலதான் ஒட்டியிருக்கேன்.

ஸ்பேனர்_பாபு:
கிளிப் பெடல் 100 முடியட்டும். அப்பவும் வாங்கினா ரெண்டு போல்ட் எஸ்பிடி வகை வாங்குங்க, ஷூவோட நடக்கலாம், மூணு போல்ட்டு வாங்கிட்டு டீக்கடைல வாத்து மாதிரி நடக்காதீங்க. பெடல் ஸ்ப்ரிங்கை ரொம்ப லூசா வெச்சு ஆரம்பிங்க. சிக்னல்ல ஒரு தடவை எல்லாரும் சாயுவாங்க, அதுக்கு மருந்து இல்ல.

பங்க்சருக்கு கூட வெச்சுக்க வேண்டியது ஸ்பேர் ட்யூப் ரெண்டு, டயர் லீவர் ரெண்டு, மினி பம்ப், மல்டி டூல், ஒரு ஜோடி பழைய கையுறை. ரோட்ல ஒட்டிட்டு உக்காராதீங்க, ட்யூபை மாத்திட்டு ஓட்டைய வீட்ல வந்து ஒட்டுங்க. புது ட்யூப் போடுறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் விரலை மெதுவா ஓட்டி பாருங்க, முள்ளு கம்பி அங்கேயே இருந்தா ரெண்டாவது ட்யூபும் அஞ்சு நிமிஷத்துல போகும், நிறைய பேர் மறக்குறது இதுதான். வீட்லயே பின் சக்கரத்தை கழட்டி மாட்டி ரெண்டு மூணு தடவை பழகுங்க. ஈசிஆர் போய்ட்டு வந்தா உப்புக் காத்து, ஈரத்துணியால துடைச்சு செயினுக்கு செயின் ஆயில் விடுங்க, டபிள்யூடி-40 ஆயில் இல்ல. பைக் கழுவுற கடைல ப்ரெஷர் வாட்டர் அடிக்க விடாதீங்க, பேரிங்குல இருக்குற கிரீஸ் எல்லாம் போயிடும்.

உங்க ட்யூப் வால்வு எது? ஸ்கூட்டர் டயர் மாதிரி தடியா இருக்கா, ஒல்லியா நுனில திருகு இருக்கா?

வேளச்சேரி_பெடல்:
தடியா இருக்கு அண்ணா. பெட்ரோல் பங்க்ல அடிக்க முடியுது.

ஸ்பேனர்_பாபு:
அப்ப அதே மாதிரி ஸ்பேர் ட்யூப் வாங்குங்க, 700x28-32ன்னு கேட்டு. ஒல்லி வால்வு ட்யூபை குடுத்தா வேணாம்னு சொல்லிடுங்க, உங்க ரிம் ஓட்டை பெருசு, ஆடும். மினி பம்ப் ரெண்டுக்கும் பொருந்துறதா பாத்து எடுங்க, குரூப்ல யாருக்காவது உதவும். பங்க்ல காத்து அடிக்கும்போது விட்டு விட்டு அடிங்க, சைக்கிள் ட்யூப் சின்னது, பட்டுனு வெடிக்கும்.

கியர்_பைத்தியம்:
அப்படியே ட்யூப்லெஸ்க்கு மாறிட்டா இந்த பிரச்சனையே இல்லயே ப்ரோ, சீலன்ட் ஊத்தினா முள்ளு குத்தினாலும் தானா அடைச்சுக்கும்...

ஸ்பேனர்_பாபு:
அதுக்கு அவங்க ரிம்மே ஒத்துக்காது. நீங்க தனியா ஒரு இழை போடுங்க, அங்க வந்து சண்டை போடுறேன்.